'நான் ஒண்ணும் பண்ணலீங்ணா': அப்டேட்டுக்குப் பின் சர்வரில் கிராபிக்ஸ் டிரைவர் காணாமல் போதல் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வின் நோக்கம்

சர்வர் அறையில் பதிவாகும் வாக்குமூலங்களிலேயே மிகக் குறைவாக நம்பப்படுவது 'நான் ஒண்ணும் பண்ணலை' என்பதுதான். கேட்ட மாத்திரத்தில் சிஸ்டம் அட்மின் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். "சரி, கடைசியா என்ன பண்ணுனே?" என்பார். கேள்விக்குள்ளேயே தீர்ப்பும் தண்டனையும் அடக்கம். இந்த ஆய்வு அந்தத் தீர்ப்பின்மீதான மேல்முறையீடு. மற்ற கோளாறுகளைப் பற்றி இங்கே பேச்சில்லை. லினக்ஸ் சர்வரில், அப்டேட் ஆன பிறகு, கிராபிக்ஸ் டிரைவர் படுத்துக்கொள்ளும் வழக்குகளில் மட்டும் அந்த வாக்குமூலம் பெரும்பாலும் எழுத்துக்கு எழுத்து உண்மை என்பதே நமது கருதுகோள். முடிவை முதலில் எழுதிவிட்டுத் தரவுகளைப் பிறகு தேடுவது ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டபடியால் நாமும் அவ்வழியே செல்கிறோம்.

எல்லையும் மூலங்களும்

என்விடியா கார்டு பொருத்திய, உபுண்டு அல்லது டெபியன் ஓடும் சர்வர்களே நமது எல்லை. ஏஎம்டியை ஏன் விட்டீர்கள் என்று வாய்மொழித் தேர்வில் யாராவது கேட்பார்கள். அதற்கும் பதில் தயார். ஏஎம்டியின் டிரைவர் 2015இல் 4.2ஆம் பதிப்பின்போதே கர்னலுக்குள் சேர்ந்துவிட்டது. கர்னல் மாறினால் அதுவும் கூடவே மாறும். ஒரு முழு ஆய்வேட்டுக்குத் தேவையான அளவு துன்பம் அதிலிருந்து கிடைக்காது. (ஏஎம்டி வைத்திருப்பவர்கள் இதை மறுப்பார்கள். அவர்கள் தனியே ஆய்வு செய்துகொள்ளட்டும்.)

முதன்மை ஆதாரங்கள் இரண்டு: கர்னல் தன் பாட்டுக்கு முணுமுணுத்து வைக்கும் டிமெசேஜ் பதிவு, எந்தப் பேக்கேஜ் எப்போது இறங்கியது என்று ஏபிடி எழுதி வைக்கும் வரலாற்றுக் கோப்பு. துணைமை ஆதாரம், லேப் வாட்ஸாப் குழு. அதில் 'சர்வர் டவுனா?' என்ற ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவதால் ஆதார மதிப்பு குறைவு. கேட்கப்பட்ட நேரம் மட்டும் பயன்படும். களம், கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆராய்ச்சிக் கூடம். பெயர் வேண்டாம், எல்லா லேபிலும் இதே கதைதான்.

முன்னாய்வுகள்

இப்பொருளில் முன்னர் உழைத்தவர்கள் அனைவரும் 'ரீபூட் பண்ணேன், சரியாயிருச்சு' என்ற ஒரு வரியோடு ஆய்வை முடித்துக்கொண்டுள்ளனர்.

படம் காட்டாத கார்டு

ஆய்வுப்பொருளின் இயல்பை முதலில் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. பெரிய சர்வர்களில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் கிராபிக்ஸுக்கும் சம்பந்தமே கிடையாது. ஏ100 கார்டின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் மானிட்டர் கேபிள் செருக ஒரு துளைகூட இருக்காது; காற்றுப் போக வழி மட்டும் விட்டிருப்பார்கள். பிறந்ததிலிருந்து ஒரு படமும் காட்டாமல், 250 வாட்டோ அதற்கு மேலோ மின்சாரம் குடித்துக்கொண்டு, இரவு பகலாக எண்களைப் பெருக்கிக் கூட்டிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் சர்வரில் மானிட்டரை இணைத்தவுடன் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வருகிறதே, அதை எழுதுவது யார்? மதர்போர்டின் மூலையில், சர்வரைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் சிப்போடு ஒட்டிக் கிடக்கும் ஒரு சின்ன வீடியோ சிப். டெல் சர்வர்கள் பலவற்றில் அது மேட்ராக்ஸ் ஜி200 வம்சத்தைச் சேர்ந்தது. ஜி200 சந்தைக்கு வந்த ஆண்டு 1998. விண்டோஸ் 98 காலத்துப் பிறவி. அதன் வாரிசுகள் 16 எம்பி நினைவகத்தை வைத்துக்கொண்டு சர்வர்களில் இன்றும் காலம் தள்ளுகின்றன. பல லட்ச ரூபாய்க் கார்டு ஒரு புள்ளிகூட வரையாது. அதற்கு உடம்புக்கு வந்தால், வந்த செய்தியைத் திரையில் எழுதிக் காட்டுவதுகூட இந்தப் பழைய வம்சம்தான். மூத்தவருக்கு டிரைவர் கெட்டுப்போனதாக நமது களத்தில் இதுவரை புகார் இல்லை. இந்த மூத்தவர் பின்னொரு இயலில் முக்கியச் சாட்சியாக மீண்டும் வருவார்.

களத் தரவு

கீழே தருவது ஒரு மாதிரி உரையாடல். பேசுவோர், முனைவர் பட்ட ஆய்வு மாணவர் ஒருவரும் சிஸ்டம் அட்மினும்.

"அண்ணா, ஜிபியு காணமுங்ணா."

"காணம்னா எங்கப்பா போகும்? என்விடியா-எஸ்எம்ஐ அடிச்சுப் பாத்தியா?"

"அடிச்சேனுங்ணா. டிரைவர் லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்னு வருதுங்."

"எதாச்சும் இன்ஸ்டால் பண்ணுனியா? நெஜத்தச் சொல்லு."

"நான் ஒண்ணும் பண்ணலீங்ணா. நேத்து நைட்டு வரைக்கும் நல்லா ஓடுச்சுங்."

"அப்புறம் உன்ற பக்கத்துல உக்காந்திருக்கற புள்ளைக்கு மட்டும் எப்பிடி ஓடுது?"

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் அநீதி ஆரம்பிக்கிறது. பக்கத்து இருக்கை மாணவியின் டிரெயினிங் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே சர்வர், ஒரே கார்டு. அவருக்கு லாஸ் இறங்கிக்கொண்டே வருகிறது. இவருக்குக் கார்டே இல்லை என்கிறது. ஆகவே குற்றம் இவருடையது என்று அறையே நினைக்கிறது. அந்த மாணவியும் அப்படித்தான் நினைக்கிறார், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த அறையில் யாரும் கேட்காத கேள்வி, அந்த டிரெயினிங் எப்போது தொடங்கியது என்பது. தொடங்கியது முந்தின வாரம். அதில் எல்லாமே அடங்கியிருக்கிறது, விரிவாகப் பார்ப்போம்.

பொருத்தம் பற்றி

என்விடியா டிரைவர் என்று நாம் ஒருமையில் சொல்வது உண்மையில் இரண்டு ஆசாமிகள். ஒருவர் கர்னலுக்குள் உட்கார்ந்து கார்டோடு நேரடியாகப் பேசும் மாட்யூல். மற்றவர் வெளியே டிஸ்க்கில் இருந்துகொண்டு நமது புரோகிராம்களோடு பேசும் லைப்ரரி. புரோகிராம் லைப்ரரியிடம் சொல்ல, லைப்ரரி மாட்யூலிடம் சொல்ல, மாட்யூல் கார்டிடம் சொல்லும். இதில் முதல் சந்திப்பிலேயே லைப்ரரி தன் வெர்ஷன் எண்ணைச் சொல்லியாக வேண்டும். மாட்யூல் அதைத் தன் எண்ணோடு ஒப்பிடும். கல்யாணத்தில் பத்துப் பொருத்தத்துக்கு ஏழு இருந்தால் முகூர்த்தம் குறித்துவிடுகிறோம்; ரஜ்ஜு தட்டினால்கூட பரிகாரம் என்று ஒன்று உண்டு. இங்கே 535.183.01க்கும் 535.183.06க்கும் சம்பந்தம் கிடையாது. கடைசிப் புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கம்வரை ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிமெசேஜில் 'வந்தவருடைய வெர்ஷன் இது, என் வெர்ஷன் அது, எல்லாரும் ஒரே வெர்ஷனில் வாருங்கள்' என்ற பொருளில் ஒரு வரி எழுதிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும்.

அப்டேட் என்ன செய்கிறது? டிஸ்க்கில் உள்ள லைப்ரரியை மாற்றுகிறது. டிஸ்க்கில் உள்ள மாட்யூலையும் மாற்றுகிறது. ஆனால் நினைவகத்தில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கும் மாட்யூலை அதனால் தொட முடியாது. ஆக, வெளியே புதியவர், உள்ளே பழையவர்.

போன வாரமே தொடங்கிய டிரெயினிங் பழைய லைப்ரரியை அப்போதே திறந்து கையில் பிடித்துக்கொண்டுவிட்டது. லினக்ஸில் ஒரு கோப்பை ஒரு புரோகிராம் பிடித்துக்கொண்டிருக்கும்வரை, டிஸ்க்கில் அதன் பெயர் அழிந்தாலும் உள்ளடக்கம் அழியாது. எனவே பழைய லைப்ரரியும் பழைய மாட்யூலும் மனமொத்து ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்று காலை புதிதாக உள்ளே வந்தவருக்கு மட்டும் புதிய லைப்ரரி கிடைக்கிறது; கதவு சாத்தப்படுகிறது. முன்னாலேயே வந்தவருக்கு வாழ்வு, பின்னால் வந்தவருக்குப் பழி. இதை ஒரு சட்டமாக எழுதலாம்: அப்டேட்டுக்குப் பிறகு முதலில் வேலையைத் தொடங்குகிறவரே குற்றவாளியாகக் காட்சியளிப்பார்.

நிரூபணம் எளிது. 'ப்ராக்' அடைவுக்குள் என்விடியாவின் வெர்ஷன் கோப்பைத் திறந்தால் நினைவகத்தில் உட்கார்ந்திருப்பவரின் எண் தெரியும். 'மாட்இன்ஃபோ' அடித்தால் டிஸ்க்கில் இருப்பவரின் எண் தெரியும். இரண்டும் வேறானால் மாணவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

இங்கே பாடவேறுபாடு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். என்விடியா-எஸ்எம்ஐ வலது மூலையில் காட்டும் கூடா எண்ணையும் கூடா கம்பைலர் சொல்லும் எண்ணையும் ஒப்பிட்டு 'இதுதான் மிஸ்மேட்ச்' என்று முடிவுகட்டும் ஒரு கூட்டம் உண்டு. முதல் எண், இந்த டிரைவரால் அதிகபட்சம் எதுவரை தாங்க முடியும் என்று சொல்வது. இரண்டாவது, உண்மையில் இருக்கும் கருவிகளின் எண். இரண்டும் வேறாக இருப்பது சகஜம். இந்தத் தவறான பாடத்தைப் பின்பற்றி நன்றாக ஓடிக்கொண்டிருந்ததையும் கெடுத்தவர்கள் உண்டு. அவர்கள் 'நான் ஒண்ணும் பண்ணலை' என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

குற்றம் நடந்த நேரம்

அப்டேட் செய்தது யார் என்ற கேள்விக்கு வருவோம். உபுண்டுவில் 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' என்றொரு ஏற்பாடு உண்டு. யாரும் கேட்காமலே பாதுகாப்புத் திருத்தங்களை இறக்கிப் போடுவது அதன் பணி. என்விடியா டிரைவர் திருத்தங்களும் அந்தப் பாதுகாப்புக் கூடையில் அவ்வப்போது வரும். போட்டு முடித்ததும் அதுவே ரீபூட் செய்யுமா? செய்யாது. அந்த விருப்பம் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ரீபூட் தேவை என்று ஒரு சின்னக் கோப்பை எழுதி வைத்துவிட்டுப் போய்விடும். அடுத்து லாகின் செய்கிறவருக்கு 'சிஸ்டம் ரீஸ்டார்ட் ரிக்வயர்டு' என்று மூன்று நட்சத்திரத்துக்கு நடுவில் ஒரு வரி தெரியும். மாதக்கணக்கில் தினமும் தெரிகிற வரியைக் கண் படிப்பதில்லை. (இந்த ஆய்வுக்காகச் சிலரிடம் அந்த வரியைப் பற்றிக் கேட்டபோது, அது உபுண்டுவின் வரவேற்புரையில் ஒரு பகுதி என்றே நினைத்திருந்ததாகச் சொன்னார்கள்.)

நேரம்தான் சுவாரஸ்யம். இந்த ஏற்பாடு விழித்துக்கொள்ளும் நேரம் காலை 6 மணி. எல்லா சர்வர்களும் ஒரே நொடியில் டவுன்லோடு சர்வர்மேல் பாயாமல் இருக்க, அதோடு ஒரு மணி நேரம்வரை முன்பின் தெரியாத தாமதம் சேர்க்கப்படும். விடிகாலையில் யாரும் வேலை செய்யாதபோது நடப்பதுதானே, நல்ல யோசனை என்று தோன்றும். ஆனால் பல சர்வர்களில் கடிகாரம் யூடிசியில் ஓடுகிறது. யூடிசியில் காலை 6 என்பது நமக்கு 11:30. ஆக, இந்தியாவில் இருக்கும் அத்தகைய சர்வரின் 'விடிகாலை', 11:30க்கும் 12:30க்கும் இடையில் வருகிறது. காலை டீ முடிந்து, எல்லாரும் இருக்கைக்குத் திரும்பி, அன்றைய முதல் உருப்படியான வேலையைத் தொடங்கும் நேரம். சந்தேகிக்கப்படுவதற்கு இதைவிடத் தோதான நேரம் கிடையாது. வாட்ஸாப் குழுவின் 'சர்வர் டவுனா?' கேள்விகள் மதிய உணவுக்கு முன்னால் குவிவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

சாட்சி இருக்கிறது. ஏபிடியின் வரலாற்றுக் கோப்பில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் தொடக்க நேரம், என்ன கட்டளை, எந்தெந்தப் பேக்கேஜ் என்று வரிகள் உண்டு. ஆள் ஒருவர் சூடோ போட்டு நிறுவியிருந்தால் 'ரிக்வெஸ்டட் பை' என்று ஒரு வரியில் அவர் பெயரும் எண்ணும் விழும். தானே ஓடிய அப்டேட்டில் அந்த வரி இருக்காது. கட்டளை வரியில் அன்அட்டெண்டட் அப்கிரேட் என்று மட்டும் இருக்கும். மாணவரின் வாக்குமூலம் இதோடு முழுக்க உறுதிப்படுகிறது. இந்தக் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு மாணவரிடம் மன்னிப்புக் கேட்ட அட்மின் யாரையும் இந்த ஆய்வில் காண முடியவில்லை.

வினையும் பலனும்

இதுவரை சொன்னது முதல் வகை. இரண்டாம் வகை கர்னல் மாறுவதால் வருவது, அதில் வினைக்கும் பலனுக்கும் இடையே மாதங்கள் ஓடிவிடும். சித்திரையில் புதிய கர்னல் டிஸ்க்கில் இறங்குகிறது. ரீபூட் ஆகும்வரை பழைய கர்னலே ஓடும், ஆகவே எல்லாம் நலம். வைகாசி, ஆனி கழிகிறது. ஆடிக் காற்றில் எங்கோ மரக்கிளை முறிந்து மின்சாரம் போகிறது. யூபிஎஸ் தன்னால் இயன்றவரை தாங்கிப் படுத்துவிடுகிறது. மின்சாரம் வந்ததும் சர்வர் மறுபிறவி எடுக்கிறது, புதிய உடலில், அதாவது புதிய கர்னலில். அந்தக் கர்னலுக்கென்று கட்டப்பட்ட என்விடியா மாட்யூல் இல்லை. என்விடியா-எஸ்எம்ஐ அடித்தால், டிரைவரோடு பேச முடியவில்லை என்கிறது. பழி யார்மேல்? யூபிஎஸ் பார்க்கிறவர்மேல். அவரும் ஒன்றும் பண்ணவில்லை.

புதிய கர்னலுக்கு மாட்யூல் ஏன் இல்லை? இருக்க வேண்டும். ஒவ்வொரு கர்னலுக்கும் வெளி மாட்யூல்களைத் தானாகவே மறுபடி கம்பைல் செய்து தர டிகேஎம்எஸ் என்ற அமைப்பை டெல் நிறுவனத்தின் லினக்ஸ் பொறியாளர்கள் 2003இல் எழுதினார்கள். கர்னல் இறங்கும்போதே அது வேலையை முடித்திருக்க வேண்டும். முடிக்காமல் போவதற்குக் காரணங்கள் பல. கர்னல் ஹெடர் பேக்கேஜ் இல்லை என்பது மிகச் சாதாரணமானது. ஆள் பார்க்காத நேரத்தில் நடக்கும் அப்டேட்டில் அது சொல்லும் புகாரை யார் கேட்பது?

இதைவிட நேர்த்தியான காரணமும் உண்டு. 2024 தொடக்கத்தில் உபுண்டு 22.04இல், புதிய வன்பொருளுக்கான ஹெச்டபிள்யூஇ வரிசையில் 6.5 கர்னல் வந்தது. அந்தக் கர்னலைக் கட்டியது ஜிசிசி 12. ஆனால் 22.04இல் இயல்பாக இருக்கும் கம்பைலர் ஜிசிசி 11. கர்னல் எந்தக் கம்பைலர் கொடிகளோடு கட்டப்பட்டதோ அதே கொடிகளோடு மாட்யூலையும் கட்ட வேண்டும். அதில் ஒரு கொடி பதினொன்றுக்குத் தெரியாது. டிகேஎம்எஸ் தனது மேக்லாக் கோப்பில் 'அறியாத விருப்பம்' என்று எழுதிவிட்டுப் படுத்துவிட்டது. ஜிசிசி 12ஐ நிறுவியதும் எழுந்துகொண்டது. இதற்குள் டிரைவரை மூன்று விதமாகப் பிய்த்துப் போட்டு மாட்டியவர்களின் கதை தனி.

சட்டச் சிக்கலால் வந்த கோளாறும் ஒன்று உண்டு. லினக்ஸ் கர்னல் தன் உள்ளுறுப்புகள் சிலவற்றை ஜிபிஎல் உரிமம் கொண்ட மாட்யூல்களுக்கு மட்டுமே திறந்து வைக்கும். 2024 பிப்ரவரி 10ஆம் தேதி டெபியன் 12.5 வெளியானபோது அதிலிருந்த 6.1.76 கர்னலில் ஒரு சிறிய மாற்றம். நினைவகப் பக்கம் செல்லுபடியாகுமா என்று பார்க்கும் ஒரு சாதாரணச் செயல்கூறு, தன் வயிற்றுக்குள் ஜிபிஎல்காரர்களுக்கு மட்டுமேயான ஒரு பூட்டைக் கூப்பிட ஆரம்பித்தது. என்விடியாவின் மூடிய மாட்யூல் அந்தச் செயல்கூற்றைப் பல காலமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரே நாளில் அது தனக்கே தெரியாமல் சட்டவிரோதி ஆகி, கட்டுமானம் பாதியில் நின்றது. டெபியன் பிறகு திருத்தம் வெளியிட்டது. எதுவும் செய்யாமலிருந்தே குற்றவாளியான பட்டியலில் இந்த முறை டிரைவரும் சேர்ந்தது, நமது கருதுகோளுக்குப் பலம்.

தீட்டு

மூடிய மாட்யூலை ஏற்றியதும் கர்னல் தன்னைத் தீட்டுப்பட்டதாக அறிவித்துக்கொள்ளும். இது நமது சொற்சிலம்பம் இல்லை. அதற்கென்று ஒரு கோப்பே இருக்கிறது, அதில் ஓர் எண். தனியுரிம மாட்யூல் என்பதற்கு 1. கர்னல் மூலத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் என்பதற்கு 4096. கையொப்பமும் இல்லை என்றால் 8192. ஆக என்விடியா ஏறிய சர்வரில் அந்தக் கோப்பைத் திறந்தால் 4097 அல்லது 12289 இருக்கும். மாட்யூலை இறக்கிவிட்டாலும் எண் மாறாது. ரீபூட் என்னும் தலைமுழுக்கு போட்டால்தான் தீட்டுக் கழியும். தீட்டுப்பட்ட கர்னலிலிருந்து வரும் பிழை அறிக்கைகளைக் கர்னல் எழுதுவோர் பெரும்பாலும் கையால் தொடுவதில்லை. லைனஸ் டோர்வால்ட்ஸ் 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசும்போது என்விடியாவை நோக்கி நடுவிரலைக் காட்டியது இந்த ஆசாரத்தின் உச்சம். பத்தாண்டு கழித்து, 2022 மே மாதம், நிறுவனம் தன் கர்னல் மாட்யூலின் மூலத்தைத் திறந்துவிட்டது. அதைப் பயன்படுத்தினால் தீட்டு எண்ணில் ஒன்று குறையும். 4096 அப்படியே நிற்கும். வெளியாள் வெளியாள்தான்.

பத்து நொடி

செக்யூர் பூட் இயங்கும் சர்வரில் கையொப்பமில்லாத மாட்யூல் ஏறாது. 'சாவி நிராகரிக்கப்பட்டது' என்ற பொருளில் ஒரு வரி வரும். டிகேஎம்எஸ் கட்டிய மாட்யூலுக்கு நாமே ஒரு சாவி உண்டாக்கிக் கையொப்பமிடலாம். ஆனால் அந்தச் சாவியை நம்புகிறேன் என்று கம்ப்யூட்டரின் உரிமையாளர், உடல் உயிரோடு, கீபோர்டின் முன்னால் இருந்து உறுதி சொல்ல வேண்டும். அதற்காக அடுத்த ரீபூட்டில் ஒரு நீலத்திரை வரும். 'ஏதாவது ஒரு விசையை அழுத்து' என்று சொல்லிவிட்டுப் பத்திலிருந்து கீழே எண்ணும். அழுத்தாவிட்டால் மேலே பூட் ஆகிப் போய்விடும். சாவிப் பதிவை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அட்மின் இருப்பது மூன்றாவது மாடி, சர்வர் இருப்பது அடித்தளம், கீபோர்டு இருப்பது யாரோ கழற்றிக்கொண்டு போன இடம். இங்கேதான் நமது மூத்தவர், ஜி200 வம்சத்தார், சாட்சிக் கூண்டில் ஏறுகிறார். தொலைவிலிருந்து சர்வரின் திரையை பிரவுசரில் காட்டும் கன்சோல் ஒன்று உண்டு. அதில் தெரிவது அவர் வரையும் படமே. புதிய சர்வர்களில் சுலபம். பழைய சர்வரானால் அந்தக் கன்சோலுக்குப் பழைய ஜாவா வேண்டும். பழைய ஜாவாவுக்குப் பழைய பிரவுசர் வேண்டும். அந்தப் பிரவுசர் உள்ள பழைய லேப்டாப் அலுவலகத்தில் பிரிண்டருக்குப் பக்கத்தில் தூசியோடு இருக்கும். அதை எடுத்து, சார்ஜ் ஏற்றி, உள்ளே நுழைந்து, திரை தெரியும்போது எண்ணிக்கை ஒன்றுக்கு வந்திருக்கும். அனுபவசாலிகள் முதலில் கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு பிறகுதான் ரீபூட் கட்டளையைக் கொடுக்கிறார்கள். கொடுத்துவிட்டு டவுன் அம்புக்குறி விசையைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள், லிஃப்ட் பொத்தானை அழுத்துகிறவர்களைப்போல் முகத்தில் எந்த நம்பிக்கையும் இல்லாமல்.

சமயக் கணக்கர்

மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர் பலரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டறிந்தாள். இத்துறையில் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. காபி மெஷின் அருகே நின்றால் எல்லாச் சமயமும் காதில் விழும்.

பெரும்பான்மைச் சமயம் ரீபூட்வாதம். முதல் வகைக் கோளாற்றுக்கு இதுவே சரியான மருந்து: பழைய மாட்யூல் நினைவகத்திலிருந்து போய்ப் புதியவர் ஏறிவிடுவார். ஆனால் பக்கத்து இருக்கை மாணவியின் ஒரு வாரத்து டிரெயினிங்கும் சேர்ந்து போகும். செக்பாயிண்ட் வைத்திருந்தாரா என்று கேட்டுவிட்டு ரீபூட் செய்கிறவர் அரிது. இரண்டாம் வகைக்கு ரீபூட்டால் பயனில்லை. அது ரீபூட்டால் வந்த நோய்.

மாட்யூல் உரிப்போர், ரீபூட் இல்லாமலே பழையவரை இறக்கிப் புதியவரை ஏற்றலாம் என்பவர்கள். உண்மை. யுவிஎம், டிஆர்எம், மோட்செட், கடைசியாக மூல மாட்யூல் என்று வரிசைப்படி உரிக்க வேண்டும். உரிக்கப் போனால் 'மாட்யூல் உபயோகத்தில் உள்ளது' என்று வரும். யார் உபயோகிக்கிறார்கள் என்று தேடினால் முதலில் என்விடியாவின் பெர்சிஸ்டென்ஸ் டீமன் சிக்கும், நிறுத்தலாம். அடுத்து, மானிட்டரே இல்லாத சர்வரில் யாரோ ஆசையாகப் போட்டு வைத்த டெஸ்க்டாப், ஒருவரும் பார்க்காத லாகின் திரையைக் காட்டிக்கொண்டிருக்கும், அதையும் நிறுத்தலாம். மிச்சமிருப்பது ஒரு ஜூபிட்டர் நோட்புக். அதன் சொந்தக்காரர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார். ஃபோன் போட்டால் நாதஸ்வரம் கேட்கிறது. "அண்ணா, நான் ஒண்ணும் ஓட்டலீங்ணா" என்கிறார். இதுவும் உண்மைதான். அவர் ஓட்டவில்லை. அது தானாகவே நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறது.

வேரோடு பிடுங்குவோர், என்விடியா என்று தொடங்கும் எல்லாப் பேக்கேஜையும் அழித்துவிட்டு, நிறுவனத்தின் தளத்திலிருந்து 'ரன்' கோப்பை இறக்கி நேரடியாக நிறுவுவார்கள். அன்று வேலை செய்யும். ஆனால் அப்படி நிறுவியது ஏபிடியின் கணக்கில் வராது. அடுத்த அப்டேட்டில் ஏபிடி தன் பங்குக்கு ஒரு லைப்ரரியைக் கொண்டுவந்து வைக்கும். ஒரே வீட்டில் இரு பட்டா. இச்சமயத்தவரைக் கண்டால் கடவுச்சொல்லை மாற்றிவிடுவது நல்லது என்பது இவ்வாய்வாளரின் தனிப்பட்ட கருத்து.

கன்டெய்னர்வாதிகள், எங்களுக்கு இதெல்லாம் ஒட்டாது என்பார்கள். ஒட்டும். கன்டெய்னருக்குள் போகும் டிரைவர் லைப்ரரி வெளியிலிருக்கும் சர்வருடையது.

பழைய கர்னலுக்குத் திரும்பு என்போர் சிறுபான்மையினர், சத்தம் போடாதவர்கள். கிரப் மெனுவில் முந்தின கர்னலைத் தேர்ந்தெடுத்து சர்வரை எழுப்பி, ஆராய்ச்சியாளர்களை வேலைக்கு அனுப்பிவிட்டு, புதிய கர்னலுக்கு ஏன் மாட்யூல் கட்டப்படவில்லை என்று மேக்லாக்கைச் சாவகாசமாகப் படிப்பார்கள். இரண்டாம் வகைக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை என்பதால் இச்சமயம் பரவவில்லை.

கடைசியாகத் தொடாதேவாதிகள். ஏபிடிக்கு 'ஹோல்டு' போட்டு டிரைவரையும் கர்னலையும் அசையாமல் கட்டி வைப்பார்கள். அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸின் அமைப்புக் கோப்பிலேயே இன்னின்ன பேக்கேஜைத் தொடாதே என்று எழுத ஒரு விலக்குப் பட்டியல் உண்டு. அதில் 'லினக்ஸ்-' என்று தொடங்குபவை அனைத்தையும் விலக்குவதற்கான மாதிரி வரிகூட ஏற்கெனவே எழுதி, முன்னால் இரண்டு சாய்கோடு போட்டு, செயலற்று வைத்திருக்கிறார்கள். சாய்கோட்டை நீக்கி, கீழே என்விடியாவுக்கும் அதன் லைப்ரரிகளுக்கும் தலா ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. 11:30 மணி ஆபத்து நீங்கியது. நம்மால் தேதி குறித்து, குழுவில் சொல்லி, டிரெயினிங்குகள் முடிந்த ஒரு நாளில் அப்டேட்டையும் ரீபூட்டையும் ஒருசேரச் செய்யலாம். இவ்வாய்வாளர் இச்சமயத்தில் தீட்சை பெற்றவர்.

இதற்கும் எதிர்ப்பு உண்டு. என்விடியா தன் டிரைவரில் உள்ள பாதுகாப்பு ஓட்டைகளைப் பற்றி அவ்வப்போது அறிவிப்பு வெளியிடும். கல்லூரியின் நெட்வொர்க் பாதுகாப்புப் பிரிவு அதைப் படித்துவிட்டு, உங்கள் சர்வரில் ஏன் இன்னும் பழைய வெர்ஷன் ஓடுகிறது, இரண்டு நாளில் விளக்கம் தரவும் என்று மெயில் அனுப்பும். விளக்கம் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆய்வு நெறியாளர் ஒருவரிடமிருந்து இன்னொரு மெயில் வரும்: போன மாதம் அப்டேட் செய்ததிலிருந்து என் மாணவரின் வேலை கெட்டுக் கிடக்கிறது, யாரைக் கேட்டு அப்டேட் செய்தீர்கள், விளக்கம் தரவும். இரண்டும் ஒரே ஆளின் இன்பாக்ஸுக்குத்தான் வருகின்றன. அவர் அந்த மூக்குக்கண்ணாடிக்காரர். இரண்டு மெயிலுக்குமே அவர் முதலில் டைப் அடித்து, பிறகு அழித்த வரி என்னவென்று கேட்டோம், சொல்ல மறுத்துவிட்டார்.